தோட்டக் கோயில் பெட்டியில் கிடக்கும் விசிடி, டிவிடிகளை லினக்ஸில் படியெடுப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிபட்டு மக்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டார்கள். கோயில் பெட்டியில் ஏறக்குறைய 40 விசிடி, 25 டிவிடி, சில பாட்டு சிடி, படங்களும் கணக்கும் உள்ள சில சிடி மிஞ்சியிருக்கின்றன. தீமிதி, கும்பாபிஷேகம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, லயத்து வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. லினக்ஸ் மின்ட் போட்ட மடிக்கணினியில் யூஎஸ்பி டிவிடி டிரைவை மாட்டினால் விசிடி திறக்கிறது, கோப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. நகலெடுக்கப் போனால் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ வருகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தும் பலனில்லை. டிவிடிகள் பாதியில் நிற்கின்றன, ஒன்று காலி என்றே காட்டுகிறது. விசிடிகளைத் தூக்கிப்போட்டுவிடலாமா என்று கோயில் செயலாளர் கேட்கிறார்.

தூக்கிப்போடாதீர்கள் ஐயா. பற்பசையையும் நிறுத்துங்கள். விசிடியில் அந்தப் பிழை வருவதால் மட்டும் தட்டு கெட்டுவிட்டது என்று ஆகாது. கீறலே இல்லாத புத்தம்புது விசிடியை லினக்ஸில் அப்படி நகலெடுத்தாலும் அதே பிழைதான் வரும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். ‘/டெவ்/எஸ்ஆர்0’ என்பது உங்கள் டிவிடி டிரைவ். இரண்டு டிரைவ் மாட்டினால் அடுத்தது எஸ்ஆர்1. முதலில் தேவையானவற்றை நிறுவிக்கொள்ளுங்கள்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிடிடிரெஸ்க்யூ விசிடிஇமேஜர் எம்பிளேயர் சிடிபாரனோயா

ஜிடிடிரெஸ்க்யூ என்பது பொதியின் பெயர். ஓட்டும்போது முன்னால் உள்ள ‘ஜி’ இல்லாமல் டிடிரெஸ்க்யூ என்றுதான் அடிக்க வேண்டும். அந்த ‘ஜி’யை விட்டுவிட்டு நிறுவினால் வேறொருவர் எழுதிய வேறு நிரல் வந்து உட்காரும். பெயர் ஒத்திருந்தாலும் கீழே சொல்லும் கட்டளைகள் அதற்குப் பொருந்தா.

விசிடி ஏன் நகலாகவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் இருப்பது அதுதான்.

சிடியில் தரவு செக்டர் என்ற துண்டுகளாக இருக்கும், ஒவ்வொன்றும் 2352 பைட். சாதாரணக் கோப்பு சிடியில் அதில் 2048 பைட்தான் தரவு. மீதியில் பெரும்பகுதி, அதாவது 276 பைட், கீறல் விழுந்தால் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்வதற்கான உபரி. 1993இல் வந்த விசிடி தரத்தில் படத்துக்கு இடம் போதவில்லை. ஆகவே படம் உள்ள செக்டர்களில் அந்த 276 பைட்டையும் எடுத்துப் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு செக்டரில் 2324 பைட் தரவு இருக்கும். லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது (தட்டைக் கோப்புறையாகத் திறக்கும்போது) கெர்னல் எனும் லினக்ஸின் உட்கரு 2048, 2048 ஆகத்தான் கேட்கும். கோப்புப் பட்டியல் இருக்கும் முதல் டிராக் அந்தக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால் அது திறந்துவிடுகிறது. படம் இருப்பது இரண்டாம் டிராக்கிலிருந்து. எம்பிஇஜிஏவி என்ற கோப்புறையில் தெரியும் ஏவிஎஸ்இகியூ01.டேட் அந்த டிராக்கைச் சுட்டும் பெயர் மட்டுமே. அதை இழுத்து நகலெடுக்கப் போனால் டிரைவ் மறுத்துவிடும். இதே காரணத்தால், தட்டை அப்படியே படியெடுக்கும் டிடியும் டிடிரெஸ்க்யூவும் விசிடிக்கு உதவா.

விசிடிக்கென்றே உள்ள கருவி விசிடிஎக்ஸ்ரிப். தட்டைப் போட்டு, தானாக மவுண்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கோப்புறை திறந்து அதற்குள் நின்றுகொண்டு அடியுங்கள்:

விசிடிஎக்ஸ்ரிப் --சிடிராம்-டிவைஸ்=/டெவ்/எஸ்ஆர்0 --பிராக்ரெஸ்

முடிந்ததும் ஏவிஎஸ்இகியூ01.எம்பிஜி என்ற படக்கோப்பும், தட்டின் அமைப்பைச் சொல்லும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும் கிடைக்கும். தனிக் கோப்புறை கேட்டது இதற்காகத்தான். எல்லா விசிடியிலும் கோப்பு இதே பெயரில்தான் வரும். ஒரே இடத்தில் எடுத்தால் மாமா கல்யாணத்தின் மேல் மச்சான் கல்யாணம் ஏறிவிடும்.

முழுதாக வந்ததா என்று அளவை வைத்தே சொல்லிவிடலாம். விசிடியில் படத்துக்கு நொடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஒரு மணி நேரக் கல்யாணம் 600 எம்பிக்கு மேல் வர வேண்டும். 200 எம்பியில் நின்றிருந்தால் நடுவே அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது எம்பிளேயரை முயன்று பாருங்கள்:

எம்பிளேயர் விசிடி://2 -டம்ப்ஸ்ட்ரீம் -டம்ப்ஃபைல் கல்யாணம்.எம்பிஜி

இதில் 2 என்பது இரண்டாம் டிராக். படம் பல டிராக்காக இருந்தால் 3, 4 என்று தனித்தனியாக எடுங்கள். திருத்தும் உபரி இல்லாத காரணத்தால் கீறல் பட்ட இடத்தில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, ஓரிரு நொடியில் சரியாகிவிடும். அது போகட்டும். ஒரு பாட்டியின் முகம் இரண்டு நொடி சிதறுவதற்காக மற்ற 59 நிமிடத்தை விட்டுவிட முடியாது.

யாரோ விண்டோஸில் நகலெடுத்து வைத்த டேட் கோப்புகளும் உங்களிடம் இருக்கலாம். அவற்றில் செக்டரின் தலைப்புப் பைட்டுகளும் சேர்ந்தே வந்திருக்கும். விசிடிஇமேஜர் பொதியோடு வரும் சிடிஎக்ஸ்ஏ2எம்பெக் என்ற கருவிக்கு அந்தக் கோப்பின் பெயரையும் புதுப் பெயரையும் கொடுத்தால் சுத்தமான எம்பிஜியாக்கித் தரும்.

இனி டிவிடி. அதற்கு முன் ஒரு பழக்கம் வேண்டும். திரையில் வரும் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ எதையும் விளக்காது. கெர்னல் எழுதும் செய்திதான் காரணத்தைச் சொல்லும். இன்னொரு டெர்மினலில் இதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்:

சுடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ

‘இல்லீகல் மோட் ஃபார் திஸ் டிராக்’ என்று வந்தால் தட்டில் குறையில்லை, நீங்கள் எடுத்த கருவிதான் தவறு. விசிடியில் வருவது இதுதான். ‘மீடியம் எரர்’, ‘அன்ரிகவர்ட் ரீட் எரர்’, ‘எல்-இசி அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்தால் தட்டே உண்மையில் பழுது. ‘ரீட் ஆஃப் ஸ்க்ராம்பிள்ட் செக்டர் வித்அவுட் ஆத்தென்டிகேஷன்’ என்றால் அது கடையில் விற்ற, பூட்டுப் போட்ட படத் தட்டு. கோயில் காணொளியில் அந்தப் பூட்டு இருக்காது. பெட்டியில் அப்படி ஏதேனும் சினிமா டிவிடி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும் வேலை கோயிலுக்கு வேண்டாம்.

‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று வந்தால் மின்சாரம் போதவில்லை. மெல்லிய வெளி டிரைவ்கள் தட்டைச் சுழற்றத் தொடங்கும்போது, யூஎஸ்பி 2.0 துளை தரும் 500 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தலை உள்ள கம்பியோ, தனி அடாப்டர் உள்ள ஹப்போ வாங்குங்கள். ‘டிவிடி பாதியில் நிற்கிறது’ என்ற புகாரில் இதுவும் அடிக்கடி ஒளிந்திருக்கும். தட்டைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டிய இடம்.

டிவிடியையோ கோப்பு சிடியையோ மவுண்ட் செய்து ஒவ்வொரு கோப்பாக இழுப்பதை விட்டுவிடுங்கள். முழுத் தட்டையும் ஒரே ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்துவிட்டு, மற்ற வேலையெல்லாம் பிம்பத்தில் செய்யுங்கள். பழுதான தட்டு எத்தனை முறை சுழலத் தாங்கும் என்று தெரியாது. முதலில் மவுண்டைக் கழற்றுங்கள். கோப்பு மேலாளர் சின்னப் படங்கள் காட்டுவதற்காகப் பின்னணியில் தட்டைப் படித்துக்கொண்டிருந்தால் லென்ஸ் அங்கும் இங்கும் ஓடி வேலை கெடும். பிறகு:

டிடிரெஸ்க்யூ -என் -பி2048 /டெவ்/எஸ்ஆர்0 தீமிதி.ஐஎஸ்ஓ தீமிதி.மேப்

இது முதல் சுற்று. நன்றாகப் படிக்கும் பகுதியை எல்லாம் விரைவாக எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். -பி2048 (பி ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து) கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவி இயல்பாக 512 பைட் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல டிவிடி கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாம் சுற்று:

டிடிரெஸ்க்யூ -டி -ஆர்3 -பி2048 /டெவ்/எஸ்ஆர்0 தீமிதி.ஐஎஸ்ஓ தீமிதி.மேப்

இங்கே -டி என்பது ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து. இப்போது குறித்து வைத்த இடங்களை மட்டும் மறுபடி மூன்று முறை முயலும். கடைசிப் பெயரான மேப் கோப்புதான் உயிர்நாடி. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாலையில் இடி இடித்துக் கரண்ட் போனாலும், மறுநாள் அதே கட்டளையை அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் இல்லாமல் ஓட்டினால் முதலிலிருந்துதான்.

மேப்பின் பெரிய பயன் இன்னொன்று. ஒரு டிரைவ் படிக்காத செக்டரை இன்னொரு டிரைவ் படித்துவிடும். லென்ஸும் உள்நிரலும் ஒவ்வொன்றிலும் வேறு. மூன்று முறை முயன்ற பிறகும் மிச்சம் இருந்தால், அதே ஐஎஸ்ஓவையும் மேப்பையும் வைத்துக்கொண்டு பழைய மேசைக் கணினியின் டிரைவில் இரண்டாம் கட்டளையை ஓட்டுங்கள். விடுபட்டதை மட்டும் அது நிரப்பும். ஒரே டிரைவில் நூறு தடவை முயல்வதைவிட இரண்டு டிரைவில் மூன்று மூன்று தடவை முயல்வது பலன் தரும். பழைய கணினிகளைக் கழித்துப் போடும் கடையில் இரண்டு டிரைவ் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வேகத்தைக் குறைப்பதும் உதவும். ‘இஜெக்ட் -எக்ஸ் 4 /டெவ்/எஸ்ஆர்0’ என்றால் 4 மடங்கு வேகத்துக்கு இறங்கும். சில டிரைவ்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை, சத்தத்தைக் கேட்டாலே தெரியும்.

கடைசி ஓரிரு செக்டரில் மட்டும் பிழை நின்றால் பதறாதீர்கள். சில முறையில் எரித்த சிடிகளில் முடிவில் இரண்டு வெற்றுச் செக்டர் இருக்கும். அவை படிக்கவே படிக்கா. ‘ஐசோசைஸ் /டெவ்/எஸ்ஆர்0’ என்று அடித்தால் கோப்பமைப்பின் உண்மையான அளவு பைட்டில் வரும். பிழை அந்த அளவுக்கு அப்பால் இருந்தால் உங்கள் தரவு முழுதாக வந்துவிட்டது.

டிவிடியில் எழுத்து நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். விரல் படுவதும் ஈரம் ஏறுவதும் விளிம்பில். நிறைய எழுதிய தட்டில் முதலில் போவது காணொளியின் கடைசிப் பகுதி. நாள் முழுக்க எடுத்த கும்பாபிஷேகத்தில் அன்னதானமும், தோட்டத்து ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சியும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். கலசம் அடுத்த குடமுழுக்கிலும் வரும். அந்த வரிசையில் இருந்த பலர் இனி வரமாட்டார்கள். அதற்காக இன்னும் ஓர் இரவு டிரைவை ஓட விடலாம்.

எடுத்த பிம்பத்தைத் திறக்க:

சுடோ மவுண்ட் -ஓ லூப்,ஆர்ஓ தீமிதி.ஐஎஸ்ஓ /எம்என்டி

உள்ளே விடியோ_டிஎஸ் கோப்புறையில் விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக வெட்டப்பட்டிருக்கும். விடிஎஸ்_01_0 என்பது மெனு, அதை விட்டுவிட்டு 01_1 முதல் வரிசையாக ‘கேட்’ கட்டளையால் ஒட்டினால் ஒரே எம்பிஜி ஆகிவிடும். மெனு விவரம் தாங்கிய ஐஎஃப்ஓ கோப்பு பழுதாகிப் படம் ஓடாமல் போனால், அதே பெயரில் உள்ள பியூபி கோப்பைப் பாருங்கள். அது ஐஎஃப்ஓவின் அச்சு நகல், தட்டில் வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். கோப்புறையை வன்தட்டுக்கு நகலெடுத்து, பியூபியின் பெயரை ஐஎஃப்ஓ என்று மாற்றினால் போதும்.

காலி என்று காட்டும் டிவிடி பெரும்பாலும் முடித்து மூடப்படாத தட்டு. கேமராவிலோ ரெக்கார்டரிலோ பதிந்துவிட்டு ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் எடுத்திருப்பார்கள். அடிப்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு வளையம் நிறம் மாறியிருந்தால் உள்ளே பதிவு இருக்கிறது. பதிந்த அதே கருவி, அல்லது அதே வகைக் கருவி கிடைத்தால் அதில் ஃபைனலைஸ் கொடுப்பதுதான் நேர்வழி. யாரிடம் அந்தக் கேமரா இருந்தது என்று கல்யாண வீட்டாரிடம் விசாரியுங்கள். கேமராவில் போடும் 8 செண்டிமீட்டர் சின்னத் தட்டை, வாயில் உறிஞ்சிக்கொள்ளும் டிரைவில் போடவே கூடாது. உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். தட்டு வைக்கும் தட்டம் உள்ள டிரைவில் நடுப்பள்ளத்தில் வையுங்கள்.

பாட்டு சிடியில் கோப்பமைப்பே கிடையாது. மவுண்ட் செய்யப் போனால் ‘ராங் எஃப்எஸ் டைப்’ என்றுதான் வரும். ‘சிடிபாரனோயா -பி’ அடியுங்கள், அந்த ‘பி’ (இதுவும் ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து) மட்டும் பெரிய எழுத்து. ஒவ்வொரு பாட்டும் தனி வேவ் கோப்பாக வரும். பிறகு ஃப்ளாக் ஆக்கினால் தரம் குறையாமல் இடம் சுருங்கும்.

கோப்பு சிடிகளில் இரண்டு தொல்லை வரும். பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிந்தால் மவுண்ட் செய்யும்போது -ஓ ஆர்ஓ,ஐஓசார்செட்=யூடிஎஃப்8 என்று கொடுங்கள். விண்டோஸில் யூனிகோட் தமிழில் வைத்த பெயர்கள் திரும்ப வந்துவிடும். பெயர் சரியாக வந்து, உள்ளே எழுத்து மட்டும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் தட்டின் மேல் பழி போடாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது அது. நம் நாட்டில் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பரவலாக இருந்த காலத்துக் கடிதங்களும் கணக்குகளும் அப்படித்தான் இருக்கும். பிம்பத்தை எடுத்து வைத்துவிட்டு, குறியேற்றம் மாற்றும் கருவியால் பிறகு நிதானமாக மாற்றலாம். சில தட்டுகளில் ஒரே ஒரு ‘ரீட்மீ’ மட்டும் தெரியும். அவற்றை ‘மவுண்ட் -டி யூடிஎஃப்’ என்று திறந்து பாருங்கள். இங்கே -டி ஆங்கில வரிசையின் இருபதாம் எழுத்து, யூடிஎஃப்பில் உள்ள ‘டி’ நான்காம் எழுத்து.

துடைப்பதைப் பற்றி. சிடியில் படிக்கும் லேசர் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து போகிறது. தரவு இருப்பது மேல்பக்கம், படம் ஒட்டியிருக்கும் பூச்சுக்கு நேர் கீழே. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. லேபிள் ஸ்டிக்கரை உரித்தால் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும், ஆகவே பாதி பிய்ந்து தொங்கினாலும் உரிக்காதீர்கள். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகட்டுக்கு நடுவே இருப்பதால் இந்த அபாயம் குறைவு. நம் ஊர் ஈரத்தில் பூத்த பூஞ்சைக்கு, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு போதும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு ஓடும், திருத்தும் கணக்கு அங்கே தோற்றுவிடும். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கழுவிய தட்டை நிழலில் உலர்த்துங்கள். எழுதும் தட்டின் சாயம் வெயிலில் வெளுக்கும்.

இடம் எவ்வளவு வேண்டும்? 40 விசிடிக்கு, தட்டுக்கு 800 எம்பி வைத்தால் 32 ஜிபி. 25 டிவிடிக்கு, தட்டுக்கு 4.7 ஜிபி வைத்தால் 118 ஜிபி. பாட்டையும் கோப்புகளையும் சேர்த்து 200 ஜிபிக்குள் அடங்கும். 500 ஜிபி வன்தட்டு இரண்டு வாங்கி, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை வேறு ஊரில் உள்ள ஒரு நிர்வாகி வீட்டிலும் வையுங்கள். மூலமாக எடுத்த எம்பிஜியையும் ஐஎஸ்ஓவையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 வேண்டுமானால் தனியாக ஒரு பிரதி மாற்றுங்கள். டிவிடியில் உள்ள படம் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்று கோடு பின்னியதாக இருக்கும், ஆகவே எஃப்எஃப்எம்பெக்கில் மாற்றும்போது ‘-விஎஃப் பிடபிள்யூடிஐஎஃப்’ சேர்த்தால் ஓடும் கால்கள் சீப்புப் பல்லாகத் தெரியா. விசிடிக்கு அது தேவையில்லை.

எல்லாம் எடுத்தபின் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நின்று ‘எஸ்எச்ஏ256சம் * > சரிபார்ப்பு.டெக்ஸ்ட்’ என்று ஒருமுறை ஓட்டிவிட்டு, இரண்டாம் வன்தட்டுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து, அங்கேயும் ஒவ்வொரு கோப்புறையிலும் ‘எஸ்எச்ஏ256சம் -சி சரிபார்ப்பு.டெக்ஸ்ட்’ கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஓகே’ வர வேண்டும். சரிபார்ப்புக் கோப்பு தன்னையே குறை சொல்லும் ஒரு வரி வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் கணக்கும் எடுக்கப்பட்டதால் வருவது அது. வேறு எந்தப் பெயராவது தவறினால் அந்தக் கோப்பை மட்டும் மறுபடி நகலெடுங்கள்.

கூடவே தட்டுக்கு ஒரு சின்ன உரைக் கோப்பும் எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்த டிவிஷன் லயம், படத்தில் யார் யார் என்று அதில் இருக்கட்டும். எம்பி4 பிரதிகளைத் தொலைக்காட்சியில் போட்டு, தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களை உட்கார வைத்து அவர்கள் சொல்லும் பெயர்களை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளலாம். 70, 80 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.